பட்டியலின் புள்ளி ஏன் உலாவிக்கு உலாவி இடம் மாறுகிறது?

வலைப்பக்கத்தில் ஐந்து வரிப் பட்டியல் ஒன்றைப் போடுகிறீர்கள். கணினியில் புள்ளிகள் ஒழுங்காக நிற்கின்றன. பட்டியலைப் பத்தியின் ஓரத்தோடு ஒட்ட வைக்கலாம் என்று பக்கத்தின் தோற்றத்துக்கான விதிகள் அடங்கிய ஸ்டைல்ஷீட்டில் ஒரு வரி சேர்க்கிறீர்கள். கைப்பேசியில் பார்த்தால் புள்ளிகளைக் காணவில்லை. எண் இட்ட பட்டியலில் 9 வரை சரியாக இருக்கிறது. 10 வந்ததும் முதல் இலக்கம் திரைக்கு வெளியே போய்விடுகிறது. படத்துக்குப் பக்கத்தில் வைத்த பட்டியலில் புள்ளிகள் படத்தின் மேல் ஏறி நிற்கின்றன.

இவை தனித்தனிக் கோளாறுகள் போலத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒட்டுவேலை தேடிப் பலரும் ஒரு நாளைச் செலவிட்டுவிடுகிறார்கள். ஆனால் இவற்றுக்கு வேர் ஒன்றுதான்: புள்ளி உங்கள் உரையின் பகுதி அல்ல, அது நிற்கும் இடமும் அந்த வரிக்குச் சொந்தமானது அல்ல.

புள்ளி எங்கிருந்து வருகிறது?

வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் எண் இல்லாத பட்டியலுக்கு யுஎல், எண் இட்ட பட்டியலுக்கு ஓஎல், அவற்றின் உள்ளே வரும் ஒவ்வொரு உருப்படிக்கும் எல்ஐ என்று டேகுகள் உள்ளன. உருப்படியின் முன்னால் தோன்றும் புள்ளி, எண், எழுத்து எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் மார்க்கர். அதை நீங்கள் தட்டச்சு செய்யவில்லை, உலாவி வரைகிறது. பக்கத்துக்குள் தேடினாலும் அது அகப்படாது. அது வரையப்படுவதற்கு மூன்று விஷயங்கள் கூடி வர வேண்டும்.

1. எல்ஐ டேகின் டிஸ்ப்ளே மதிப்பு (பெட்டி எப்படிக் காட்டப்பட வேண்டும் என்பதைச் சொல்வது) ‘லிஸ்ட்-ஐட்டம்’ ஆக இருக்க வேண்டும். உலாவியே இந்த மதிப்பைக் கொடுத்துவிடுகிறது. மார்க்கரைப் பிறப்பிப்பது டேகின் பெயர் அல்ல, இந்த மதிப்புதான்.

2. ‘லிஸ்ட்-ஸ்டைல்-டைப்’ என்ற பண்பில் ஏதாவது ஒரு வடிவம் இருக்க வேண்டும். முதல் அடுக்குக்கு நிரப்பிய வட்டம், அதற்குள் வரும் பட்டியலுக்கு வெற்று வட்டம், அதற்கும் உள்ளே சதுரம் என்பது உலாவிகளின் வழக்கம். இந்தப் பண்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும். அதனால் யுஎல்-இல் நீக்கினால் எல்லா உருப்படிகளிலும் நீங்கிவிடும்.

3. மார்க்கர் நிற்க இடம் வேண்டும். ‘லிஸ்ட்-ஸ்டைல்-பொசிஷன்’ என்ற பண்பின் இயல்பு மதிப்பு ‘அவுட்சைட்’. அதாவது, மார்க்கர் உருப்படியின் பெட்டிக்கு வெளியே தொங்குகிறது. அங்கே அதற்கு இடம் விட்டுவைப்பது யுஎல் அல்லது ஓஎல் பெட்டியின் தொடக்கப் பக்கத்தில் உலாவி வைக்கும் 40 பிக்சல் பேடிங், அதாவது பெட்டிக்கு உள்ளே விடும் இடம்.

வீட்டை வைத்துச் சொன்னால், அறை எல்ஐ-யுடையது. புள்ளி உட்கார்ந்திருக்கும் திண்ணையைக் கட்டியது யுஎல். முதலில் சொன்ன ஓரத்தோடு ஒட்டும் வேலையில் நடந்தது இதுதான். பேடிங்கை 0 ஆக்கியதும் திண்ணை போய்விட்டது. புள்ளி அழியவில்லை; திரையின் விளிம்புக்கு அப்பால் நிற்கிறது. கணினியின் அகலத் திரையில் பக்கத்தின் இருபுறமும் வெற்றிடம் இருப்பதால் அது கண்ணில் பட்டது. கைப்பேசியில் அந்த வெற்றிடம் இல்லை.

அந்த 40 பிக்சல் யாருடையது?

ஸ்டைல்ஷீட் என்பது நீங்கள் எழுதுவது மட்டும் அல்ல. நீங்கள் எதுவும் எழுதாத பக்கத்துக்கும் உலாவி தன்னிடம் உள்ள இயல்பு ஸ்டைல்ஷீட்டைப் போட்டுத்தான் காட்டுகிறது. தலைப்பு பெரிதாகத் தெரிவதும் பட்டியல் உள்ளே தள்ளி நிற்பதும் அதனால்தான். நீங்கள் எழுதும் விதி அதன் மேல் ஏறுகிறது. நீங்கள் தொடாத பண்பு பழையபடியே இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பழைய குழப்பம் விளங்கும்.

ஸ்டைல்ஷீட்டுகளை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்-இன் முதல் தரநிலை 1996 டிசம்பரில் வெளிவந்தது. பட்டியலை உள்ளே தள்ள மார்ஜினைப் பயன்படுத்த வேண்டுமா, பேடிங்கையா என்பதில் அக்காலத்து உலாவிகள் ஒன்றுபடவில்லை. மார்ஜின் பெட்டிக்கு வெளியே விடும் இடம். பேடிங் பெட்டிக்கு உள்ளே விடும் இடம். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் ஓபராவும் பட்டியலை மார்ஜினால் தள்ளின. மொசில்லா வழிவந்த உலாவிகள் பேடிங்கால் தள்ளின. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பட்டியலுக்குப் பின்னணி நிறம் கொடுத்தால்தான் வேறுபாடு தெரியும்: ஒன்றில் புள்ளி நிறத்துக்கு வெளியே நிற்கும், மற்றதில் உள்ளே நிற்கும்.

வடிவமைப்பாளர் ‘மார்ஜின்-லெஃப்ட்’ பண்பை மட்டும் 0 ஆக்கினால் எக்ஸ்புளோரரில் பட்டியல் ஓரத்துக்கு வந்தது. மொசில்லாவில் அசையவே இல்லை. பேடிங்கை மட்டும் 0 ஆக்கினால் நேர்மாறு. இரண்டையும் ஒருசேரக் குறிப்பிடுவதே வழி என்று எரிக் மேயர் போன்ற சிஎஸ்எஸ் எழுத்தாளர்கள் அப்போதே விளக்கி எழுதினார்கள். இன்று அந்தச் சண்டை ஓய்ந்துவிட்டது. உலாவிகள் எல்லாம் பேடிங்குக்கு வந்துவிட்டன; அந்த 40 பிக்சல் எச்டிஎம்எல் தரநிலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும் இரண்டையும் சேர்த்து எழுதும் பழக்கத்தை விட வேண்டியதில்லை. மேல், கீழ் மார்ஜின்களும் உலாவி வைத்தவையே. அவற்றையும் நீங்களே தீர்மானிப்பது நல்லது.

தரநிலை ‘இடது’ என்று சொல்லாமல் ‘தொடக்கப் பக்கம்’ என்று சொல்வதையும் கவனிக்க வேண்டும். அரபு, உருது போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளில் தொடக்கப் பக்கம் வலது. ‘பேடிங்-லெஃப்ட்’ என்று எழுதி 0 ஆக்கிய விதி அந்தப் பக்கங்களில் எதையும் மாற்றாது. ‘பேடிங்-இன்லைன்-ஸ்டார்ட்’ என்று எழுதினால் இரு திசைக்கும் பொருந்தும்.

இன்னொன்று: 40 பிக்சல் என்பது நிலையான அளவு. எழுத்தின் அளவு 16 பிக்சலாக இருக்கும்போது அது 2.5 ஈஎம்-க்குச் சமம் (1 ஈஎம் என்பது எழுத்தின் அளவு). எழுத்தை 32 பிக்சலாக்கினால் எண்ணின் அகலமும் இரட்டிப்பாகும், திண்ணை மட்டும் அப்படியே இருக்கும். எழுத்தோடு சேர்ந்து இடமும் வளர வேண்டுமானால் பேடிங்கை 2.5ஈஎம் என்று எழுத வேண்டும்.

ஒட்டுமொத்தமாகத் துடைப்பதன் விலை

உலாவிகளின் வேறுபாட்டைச் சமாளிக்க எழுந்த முதல் பெரிய உத்தி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடங்குவது. எரிக் மேயர் 2007-இல் வெளியிட்ட ‘ரீசெட்’ விதிகள் பரவலாகப் பயன்பட்டன. மார்ஜின், பேடிங் இரண்டையும் 0 ஆக்கி, பட்டியல்களின் மார்க்கரையும் அவை நீக்கின. பின்னர் வந்த ‘நார்மலைஸ்’ வேறு கொள்கை கொண்டது: பயனுள்ள இயல்புகளை விட்டுவைத்து, உலாவிகள் மாறுபடும் இடங்களை மட்டும் சரிசெய்வது. இன்று பலர் பயன்படுத்தும் டெயில்விண்ட் என்ற சிஎஸ்எஸ் தொகுப்பு மீண்டும் துடைக்கும் பக்கம் நிற்கிறது. அதன் தொடக்க விதிகளே யுஎல், ஓஎல் இரண்டின் மார்க்கரையும் இடத்தையும் நீக்கிவிடுகின்றன.

‘எடிட்டரில் புள்ளி தெரிகிறது, வெளியிட்ட பக்கத்தில் இல்லை’ என்ற முறையீட்டின் பின்னணி பெரும்பாலும் இதுதான். பட்டி, பொத்தான் வரிசை போன்றவற்றுக்குப் புள்ளி வேண்டாம் என்பது உண்மை. ஆனால் கட்டுரை எழுதுபவர் இடும் பட்டியலுக்குப் புள்ளி வேண்டும். எனவே துடைத்த பிறகு, கட்டுரை உடலுக்குள் வரும் பட்டியல்களுக்கு மட்டும் மார்க்கரையும் பேடிங்கையும் திரும்பக் கொடுக்கும் விதி ஒன்றை எழுதிவைக்க வேண்டும். மார்க்கரை மட்டும் திரும்பக் கொடுத்துப் பேடிங்கை மறந்தால் மறுபடியும் திண்ணை இல்லாத புள்ளிதான்.

தரநிலை சொல்லாமல் விட்ட இடம்

‘அவுட்சைட்’ மார்க்கர் துல்லியமாக எங்கே நிற்க வேண்டும் என்பதை 2011-இல் இறுதியான சிஎஸ்எஸ் 2.1 தரநிலை வரையறுக்கவில்லை. உருப்படியின் பெட்டிக்கு வெளியே என்பதோடு நிறுத்திக்கொண்டு, சரியான இடத்தைக் குறிப்பிடவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. வட்டம் எவ்வளவு பெரிது, உரையிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதெல்லாம் உலாவியின் முடிவு. ஒரே பக்கத்தைக் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளியின் பருமனும் இடைவெளியும் சிறிது மாறுவது இதனால்தான். இந்த ஓரிரு பிக்சல் வேறுபாட்டை ஒழிக்க முயல்வது வீண் வேலை. வாசகர் எவரும் இரண்டு உலாவிகளை அருகருகே வைத்துப் படிப்பதில்லை.

கவலைப்பட வேண்டியவை வேறு.

முதலாவது, படத்தின் மேல் ஏறும் புள்ளி. இடப்பக்கம் மிதக்கும் படத்துக்கு அருகே பட்டியல் வந்தால், உரை வரிகள் மட்டுமே படத்துக்கு விலகி நிற்கின்றன. யுஎல் பெட்டி படத்துக்கு அடியிலும் நீண்டு கிடக்கிறது. அது வைத்திருக்கும் 40 பிக்சல் இடமும் படத்துக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. புள்ளியோ உரையின் ஓரத்தை ஒட்டி வரைவதால் படத்தின் மேல் விழுகிறது. யுஎல்-க்கு ‘டிஸ்ப்ளே: ஃப்ளோ-ரூட்’ என்று கொடுத்தால் பெட்டி முழுவதும் படத்தை விட்டு விலகி நிற்கும்; இடமும் கூடவே வந்துவிடும்.

இரண்டாவது, ‘இன்சைட்’ என்ற மாற்று. புள்ளியைப் பெட்டிக்குள் கொண்டுவந்தால் அது வெட்டுப்படாது என்று பலர் இதை நாடுகிறார்கள். அப்போது புள்ளி, வரியின் முதல் எழுத்தைப் போல நடந்துகொள்கிறது. உரை இரண்டாம் வரிக்கு மடங்கினால் அது புள்ளிக்கு நேர் கீழே போய்த் தொடங்கும். தமிழில் சொற்கள் நீளமானவை. கைப்பேசியில் ஏறத்தாழ எல்லா உருப்படிகளும் மடங்கும். பட்டியலின் உருவமே கலைந்துவிடும். தமிழ்ப் பக்கத்துக்கு ‘அவுட்சைட்’ தான் ஏற்றது என்பேன்.

மூன்றாவது, மார்க்கரின் தோற்றத்தை மாற்றுவது. புள்ளிக்குப் படம் வைக்க ‘லிஸ்ட்-ஸ்டைல்-இமேஜ்’ உண்டு. ஆனால் அந்தப் படத்தின் இடத்தையோ அளவையோ திருத்த முடியாது. அதனால் உருப்படியின் பின்னணிப் படமாக வைக்கும் வழக்கம் வந்தது. அதிலும் ஒரு குறை இருக்கிறது: அச்சிடும்போது உலாவிகள் பின்னணிப் படங்களை இயல்பாக விட்டுவிடுகின்றன. இப்போது மார்க்கருக்கு மட்டும் விதி எழுத ‘மார்க்கர்’ என்ற தனித் தேர்வியே இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் 2019-இலும் குரோமில் 2020-இலும் வந்தது. நிறம், எழுத்துரு போன்ற சில பண்புகளை மட்டுமே அது ஏற்கும். மார்ஜின், பேடிங், பின்னணி எதையும் ஏற்காது. புள்ளிக்கும் உரைக்கும் இடைவெளி வேண்டுமானால் எல்ஐ-க்குப் பேடிங் கொடுங்கள்.

புள்ளி காணாமல் போனால் எங்கே தேடுவது?

கீழ்க்காணும் வரிசையில் பார்த்தால் காரணம் விரைவில் அகப்படும்.

1. ஏதாவது ஒரு ரீசெட் ‘லிஸ்ட்-ஸ்டைல்: நன்’ என்று எழுதியிருக்கிறதா?

2. எல்ஐ-யின் டிஸ்ப்ளே மதிப்பு மாறியிருக்கிறதா? உருப்படிக்குள் படத்தையும் உரையையும் அருகருகே வைக்க ‘ஃபிளெக்ஸ்’ கொடுத்தால் அது ‘லிஸ்ட்-ஐட்டம்’ ஆக இல்லாமல் போகிறது. மார்க்கர் பிறப்பதே இல்லை. எல்ஐ-க்குள் ஒரு டிவ் (பொதுவான பெட்டிக்கான டேக்) வைத்து அதற்கு ஃபிளெக்ஸ் கொடுப்பது சரியான வழி. யுஎல்-க்கே ஃபிளெக்ஸ் கொடுத்தால் கதை வேறு: புள்ளிகள் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் பெட்டிக்கு வெளியே தொங்குவதால் முந்தைய உருப்படியின் மேல் இடிக்கும்.

3. பேடிங் 0 ஆகி, புள்ளி விளிம்புக்கு வெளியே போயிருக்கிறதா?

4. ‘ஓவர்ஃப்ளோ: ஹிட்டன்’ எல்ஐ-யின் மேல் இருக்கிறதா? பெட்டிக்கு வெளியே தொங்குவதை எல்லாம் அது வெட்டிவிடும்; புள்ளி வெளியேதான் தொங்குகிறது.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, 7 பதிப்புகளில் உருப்படிக்கு அகலம் கொடுத்தாலே எல்லா எண்களும் 1 என்று வரும் விசித்திரம் இருந்தது. அதற்கான ஒட்டுவேலைகளை இன்றும் சில குறிப்புகள் சுமந்துகொண்டிருக்கின்றன. எக்ஸ்புளோரர் 11-க்கான ஆதரவே 2022 ஜூனில் முடிந்துவிட்டது. அவற்றை அஞ்சாமல் நீக்கலாம்.

தமிழ் எண்கள், தமிழ் எழுத்துகள்

தமிழ்ப் பக்கம் அமைப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பயன்படும். ‘லிஸ்ட்-ஸ்டைல்-டைப்’ பண்புக்குத் ‘தமிழ்’ என்ற மதிப்பு தரநிலையிலேயே இருக்கிறது. அதைக் கொடுத்தால் ௧, ௨, ௩ என்று வரும். பத்தாவது உருப்படிக்கு ௧௦ என்று வரும். நம் மரபில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் உண்டு; சுழியம் வைத்து இட மதிப்பில் எழுதும் வழக்கம் பின்னர் வந்தது. தமிழ்ச் சுழியக் குறியே யுனிகோடில் 2005-இல்தான் சேர்ந்தது. உலாவி காட்டுவது தவறு அல்ல, ஆனால் அது பழைய முறையும் அல்ல. ௰, ௰௧, ௰௨ என்று வர வேண்டுமானால் நாமே எண்வரிசையை வரையறுக்க உதவும் ‘கவுன்ட்டர்-ஸ்டைல்’ என்ற வசதியில், குறிகளைக் கூட்டி எழுதும் ‘அடிட்டிவ்’ முறையைத் தேர்ந்து, ௯௰, ௮௰ என்று இறங்குவரிசையில் குறிகளைக் கொடுக்க வேண்டும்.

அன்றாடம் கூடுதலாகத் தேவைப்படுவது அ, ஆ, இ என்ற வரிசை. அரசாணை, விதிமுறை, வினாத்தாள் எல்லாவற்றிலும் உட்பிரிவுகள் இப்படித்தான் வருகின்றன. அதே ‘கவுன்ட்டர்-ஸ்டைல்’ வசதியில் பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் கொடுத்துப் புதிய வரிசையை உருவாக்கலாம். அதற்கு ‘உயிர்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். எழுத்துக்குப் பின் புள்ளி வருவது இயல்பு. ‘சஃபிக்ஸ்’ என்ற இடத்தில் அடைப்புக்குறி கொடுத்தால் அ), ஆ) என்று வரும்.

பதின்மூன்றாவது உருப்படிக்கு என்ன ஆகும் என்பதை முன்பே முடிவுசெய்ய வேண்டும். முறை ‘ஆல்ஃபபெட்டிக்’ என்றால் அஅ, அஆ என்று தொடரும். ‘ஃபிக்ஸ்டு’ என்றால் வரிசை ஔ-வோடு முடிந்து, அடுத்தது 13 என்று எண்ணாக மாறும். அஅ என்று மேற்கோள் காட்டுவது பெரும்பாலான வாசகர்களுக்குப் பழக்கமில்லை. ஆகவே ‘ஃபிக்ஸ்டு’ முறையே தெளிவானது. பன்னிரண்டுக்கு மேல் உட்பிரிவுகள் போனால் பட்டியலைப் பிரிப்பது இன்னும் நல்லது.

அடுக்குகளைத் தேர்வதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் அடுக்குக்குத் தமிழ் எண்களும் உள் அடுக்குக்கு உயிரெழுத்துகளும் வைத்தால் அழகாக இருக்கும் என்று தோன்றும். எட்டாவது உருப்படி வரும்போது பாருங்கள்: எண் ௮, அதற்குள் முதல் உட்பிரிவு அ. இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. ௭-க்கும் எ-வுக்கும், ௨-க்கும் உ-வுக்கும் இதே நிலை. ‘௮-இல் அ’ என்று சொல்வதை வாசகர் எப்படிப் பிரித்தறிவார்? மேலே 1, 2, 3 என்றும் உள்ளே அ, ஆ, இ என்றும் வைப்பதே பாதுகாப்பு.

‘கவுன்ட்டர்-ஸ்டைல்’ ஃபயர்ஃபாக்ஸில் 2014 முதல் இருக்கிறது. குரோமில் 2021-இலும் சஃபாரியில் 2023-இலும் வந்தது. இதை அறியாத பழைய உலாவி, ஓஎல் பட்டியலில் சாதாரண எண்களைக் காட்டும். படிப்பதற்கு அது கெடுதல் இல்லை. ஆனால் உரையில் ‘மேலே உள்ள இ பிரிவின்படி’ என்று எழுதியிருந்தால், அந்த வாசகரின் திரையில் இ என்று எதுவும் இருக்காது. சட்டம், ஒப்பந்தம் போல எழுத்தே முகவரியாகும் ஆவணங்களில் மார்க்கரை உலாவியிடம் விடாமல் உரையின் பகுதியாகவே தட்டச்சு செய்துவிடுவது நல்லது. தேடினாலும் அகப்படும்.

திண்ணையின் அளவையும் இங்கே மறக்கக் கூடாது. ‘ஔ)’ என்பது ‘1.’ என்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இடம் பிடிக்கும். பட்டியலில் வரக்கூடிய மிக அகலமான மார்க்கரை வைத்துச் சோதித்துவிட்டுப் பேடிங்கைத் தீர்மானியுங்கள். முதல் உருப்படியைப் பார்த்து முடிவுசெய்தால் கடைசி உருப்படியில் மாட்டிக்கொள்வீர்கள்.

கேட்டுப் படிப்பவர்களுக்குப் பட்டியல்

பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் மூலம் பக்கங்களைக் கேட்கிறார்கள். பட்டியல் வரும்போது, அது பட்டியல் என்பதையும் அதில் எத்தனை உருப்படிகள் என்பதையும் திரைவாசிப்பான் அறிவிக்கும். ‘பட்டியல், 12 உருப்படிகள்’ என்று கேட்டவர், முழுவதையும் கேட்பதா தாண்டிப் போவதா என்று முடிவுசெய்வார். கண்ணால் படிப்பவர் ஒரு பார்வையில் அளவிடுவதற்கு ஈடானது இது.

ஆப்பிளின் சஃபாரி உலாவியும் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பானும் சேரும்போது ஒரு மாற்றம் நடக்கிறது. ‘லிஸ்ட்-ஸ்டைல்: நன்’ என்று எழுதினால் மார்க்கரோடு இந்த அறிவிப்பும் போய்விடுகிறது. இது பிழை அல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. வடிவமைப்பாளர்கள் கண்டதற்கெல்லாம் யுஎல் போட்டதால் ஓயாத பட்டியல் அறிவிப்புகள் கேட்பவர்களுக்குத் தொல்லையாயின. கண்ணுக்குப் பட்டியலாகத் தெரியாததைப் பட்டியல் என்று சொல்லத் தேவையில்லை என்று சஃபாரியை உருவாக்குபவர்கள் முடிவெடுத்தார்கள். அவர்களின் நோக்கம் புரிகிறது. ஆனால் ரீசெட் மூலம் துடைத்துவிட்டு வேறு வழியில் புள்ளி வரையும் பக்கங்களில், உண்மையான பட்டியலும் சேர்ந்து ஊமையாகிவிடுகிறது.

மாற்று எளிது. யுஎல் டேகில் ‘ரோல்’ என்ற பண்புக்கு ‘லிஸ்ட்’ என்று மதிப்பு கொடுத்தால் அறிவிப்பு திரும்ப வரும். தளத்தின் இணைப்புகளைத் தொகுக்கும் ‘நேவ்’ டேகுக்குள் இருக்கும் பட்டிகளுக்கு இது வேண்டியதில்லை. அங்கே சஃபாரி தானாகவே பட்டியலை அறிவிக்கிறது. சமையல் குறிப்பின் படிகள், விண்ணப்பத்துக்கு வேண்டிய ஆவணங்கள் என்று எண்ணிக்கையும் வரிசையும் பொருள்படும் பட்டியல்களுக்குத் தவறாமல் சேருங்கள். எச்டிஎம்எல் சரிபார்ப்பான், யுஎல்-க்கு இந்த ‘ரோல்’ தேவையற்றது என்று ஓர் எச்சரிக்கை காட்டும். அது பிழை அல்ல. மார்க்கரை நீக்கிய பட்டியல்களில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம்.